ஃபால்அவுட்: பாழ்நிலம் நம்மை எப்படி நினைவில் வைக்கிறது?

2008இல் வெளிவந்த ஃபால்அவுட் 3 என்ற கணினி விளையாட்டு முடிந்த விதத்தை அந்தத் தொடரின் பழைய ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அணுப்போரில் சிதைந்த வாஷிங்டன் நகரம். ஜெஃபர்சன் நினைவிடத்துக்குள் மாபெரும் நீர் சுத்திகரிப்பு இயந்திரம். அதை இயக்க வேண்டுமானால், ஆளைக் கொல்லும் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது நுழைந்து ஓர் எண்ணை அழுத்தியாக வேண்டும். நம் பக்கத்தில் ஃபாக்ஸ் என்ற சூப்பர் மியூட்டன்ட், அதாவது மனிதரிலிருந்து உருமாறிய ராட்சத உயிர், துணையாக நிற்கலாம். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. கதையில் முன்பே, நாம் நுழைய முடியாத கதிர்வீச்சு அறைக்குள் போய் ஒரு கருவியை நமக்காக எடுத்து வந்தவரும் அவர்தான். இப்போது உள்ளே போகும்படி அவரிடம் கேட்டால், இது உன் விதி, அதை உன்னிடமிருந்து நான் பறிக்கக் கூடாது என்ற பொருளில் மறுத்துவிடுகிறார். நாம் உள்ளே போய்ச் சாக வேண்டும், அல்லது இன்னொரு பெண்ணைச் சாக அனுப்ப வேண்டும்.

2009இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் கதை இணைப்பு இதைத் திருத்தியது. அதன்பின் ஃபாக்ஸை அனுப்ப முடிந்தது. நாயகன் சாவது ரசிகர்களுக்குப் பிரச்சினையே அல்ல. சில மணி நேரத்துக்கு முன் தன் கண்ணெதிரே நடந்ததை ஆட்டம் மறந்துபோனதுதான் அவர்களைக் காயப்படுத்தியது.

பழைய ரசிகர்கள் கேட்பது 1997இல் வந்த முதல் ஃபால்அவுட்டின், மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் சாய்கோணக் காட்சியையும் மாறி மாறி அடிக்கும் சண்டையையும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சிலர் அவற்றையும் கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கொண்டாடுவது 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் ஆட்டத்தை. அதுவும் ஃபால்அவுட் 3 போலவே பாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் முதல்நபர் பார்வையில், அதே மென்பொருள் எஞ்சினில் ஓடுவது. ஆகவே கேமரா இருக்கும் இடம் அல்ல விஷயம். நீ யார் என்பதை ஆட்டம் படிக்க வேண்டும், நீ செய்ததை நினைவில் வைக்க வேண்டும், பின்னொரு நாள் அதைத் திருப்பித் தர வேண்டும். இந்த மூன்றும் எந்தப் பொறிமுறையால் நடக்கின்றன என்று பார்த்தால், ரசிகர்களின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயமும் புரியும்.

முதலில், படிப்பது. 1997இல் இன்டர்ப்ளே நிறுவனத்தில் டிம் கெய்ன் தலைமையில் முதல் ஃபால்அவுட் உருவானபோது, கர்ப்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிமுறையைப் பயன்படுத்துவதாகத்தான் இருந்தது. அந்த ஒப்பந்தம் முறிந்ததால் குழு தனக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டது. வலிமை, கூர்நோக்கு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் ஆகிய ஏழு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பு. இந்தப் பண்புகளிலிருந்து பேச்சு, மருத்துவம், பூட்டுத் திறத்தல் போன்ற திறன்களின் தொடக்க மதிப்பு கணக்கிடப்படும்.

இந்த எண்கள் வெறும் சண்டைக்கானவை அல்ல. முதல் இரண்டு ஆட்டங்களிலும் அறிவை 4க்குக் கீழே வைத்துத் தொடங்கினால், நம் பாத்திரத்தால் ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காகப் பேச முடியாது. உரையாடல் பட்டியலில் முனகல்களும் ஒற்றைச் சொற்களும் மட்டுமே வரும். பலர் நமக்கு வேலை தரவே மறுப்பார்கள். ஃபால்அவுட் 2இல் கிளாமத் என்ற ஊரில் டோர் என்றொருவர் இருக்கிறார், திக்கித் திணறிப் பேசுபவர். அறிவு குறைந்த பாத்திரத்தோடு அவரை அணுகினால், இருவரும் சரளமாகவும் ஆழமாகவும் பேசிக்கொள்வார்கள். இதற்காகத் தனியே ஓர் உரையாடலை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆடுபவர்களில் நூற்றில் ஒருவராவது அதைப் பார்ப்பாரா என்பதுகூட அப்போது உறுதியில்லை. இந்த அக்கறையைத்தான் பழைய ரசிகர்கள் இன்னமும் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நியூ வேகாஸில் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு சிறு உதாரணத்தில் பார்க்கலாம். கதை தொடங்கும் குட்ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரைக் கொள்ளைக் கும்பல் ஒன்று தாக்கப்போகிறது. ஊரைக் காக்க முன்வந்தால் ஒவ்வொருவரிடமும் உதவி கேட்கலாம். ஈஸி பீட் என்ற முதியவரிடம் டைனமைட் இருக்கிறது. வெடிபொருள் திறன் 25 இருந்தால்தான் நம்பிக் கொடுப்பார். ஒரு திறனின் தொடக்க மதிப்பைக் கணக்கிடும் முறை இது: 2, அதோடு உரிய பண்பின் இரு மடங்கு, அதோடு அதிர்ஷ்டத்தில் பாதி. வெடிபொருளுக்கு உரிய பண்பு கூர்நோக்கு. கூர்நோக்கு 5, அதிர்ஷ்டம் 5 என்று வைத்தால், பாதியை மேல்நோக்கி முழுமையாக்கி, 2 + 10 + 3 = 15 வருகிறது. போதாது. ஆனால் தொடக்கத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் மூன்று சிறப்புத் திறன்களுக்குத் தலா 15 கூடுதலாகக் கிடைக்கும். வெடிபொருளை அந்த மூன்றில் ஒன்றாக எடுத்தவருக்கு 30. அவருக்குப் பெட்டி திறக்கும். பேச்சைத் தேர்ந்தவருக்கும் வணிகத்தைத் தேர்ந்தவருக்கும் அதே ஊரில் வேறு கதவுகள் திறக்கும். நாம் யார் என்று நிரப்பிய படிவத்தை முதல் ஊரிலேயே ஆட்டம் வாசித்துவிட்டது.

ஃபால்அவுட் 3 இதே சோதனையைச் சதவீத வாய்ப்பாக வைத்திருந்தது. ஒருவரைப் பேசி இணங்கவைக்க 30 சதவீத வாய்ப்பு என்று திரையில் காட்டும். தோற்றால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். ஐந்து முறை முயன்றால் ஒரு முறையாவது வெல்லும் வாய்ப்பு 83 சதவீதம், ஏனென்றால் ஐந்து முறையும் தோற்பதற்கான வாய்ப்பு 0.7ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 0.168 மட்டுமே. விளைவு, பேச்சுத் திறனை வளர்த்தவரும் வளர்க்காதவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள், பொறுமை மட்டுமே வேறுபாடு. நியூ வேகாஸ் சதவீதத்தை நீக்கிவிட்டு நிலையான எல்லையை வைத்தது. 60 வேண்டுமென்றால் 60 வேண்டும். எல்லை எட்டாதபோதும் அந்தப் பதில் பட்டியலில் தெரியும், ஆனால் அந்தத் துறை தெரியாதவர் உளறுவதுபோல எழுதப்பட்டிருக்கும். இன்னும் திறமை வளர்த்திருந்தால் இங்கே வேறொன்று நடந்திருக்கும் என்பதை ஆடுபவர் தெரிந்தே கடந்து போகிறார். இன்னொரு முறை புதிதாக ஆடத் தூண்டுவது அந்த ஏக்கம்தான்.

அடுத்தது நினைவு. இங்கேதான் கணிதம் குறுக்கே நிற்கிறது. ஒரு கதையில் ஆம், இல்லை என்ற இருவழித் தேர்வுகள் பத்து இருந்து, ஒவ்வொன்றும் கதையை நிரந்தரமாகப் பிரித்தால், 1,024 கதைகளை எழுத வேண்டும். இருபது தேர்வு என்றால் பத்து லட்சத்துக்கும் மேல். எந்த நிறுவனத்தாலும் இது முடியாது. அதனால் ஆட்டங்கள் கிளை விடுவதில்லை, குறித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முக்கியச் செயலுக்கும் ஆட்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு மாறி, அதாவது நடந்ததை எண்ணாகக் குறித்துவைக்கும் இடம், இருக்கும். உதாரணமாக, ஓர் ஊரின் காவல் தலைவரான ஷெரிஃப் உயிரோடு இருந்தால் அதன் மதிப்பு 0, இறந்தால் 1. கதையின் முதுகெலும்பு ஒன்றாகவே நீள, வழியில் வரும் உரையாடல்களும் காட்சிகளும் அந்த மாறிகளைப் பார்த்துத் தம்மை மாற்றிக்கொள்கின்றன.

முதல் ஃபால்அவுட் கையாண்ட மிக அழகான தந்திரம் இறுதிப் படக்காட்சி. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படம், அந்த ஊர் பின்னால் என்ன ஆனது என்று சொல்லும் ஒரு குரல். இருபது ஊர்களும் குழுக்களும், ஒவ்வொன்றுக்கும் மூன்று விதியும் என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டியது 60 சிறு பத்திகள். ஆனால் அவை ஒன்றோடொன்று சேரும் விதங்களோ 3ஐ இருபது முறை பெருக்கிய எண்ணிக்கை, அதாவது 348 கோடிக்கும் மேல். உழைப்பு கூட்டலாக வளர, விளைவு பெருக்கலாக வளர்கிறது. இந்த உத்தியை நான் எத்தனை முறை யோசித்தாலும் வியப்பு தீர்வதில்லை. ஃபால்அவுட் 3இன் முடிவில் நம் கதை சுருக்கமாக வந்ததே தவிர, நாம் கடந்துவந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனிப் பத்தி இல்லை. நியூ வேகாஸ் அதை மீட்டெடுத்தது.

நற்பெயர் விஷயத்திலும் நியூ வேகாஸ் ஒரு படி முன்னே போனது. ஃபால்அவுட் 3இன் முதன்மைக் கணக்கு கர்மா என்ற ஒற்றை அளவுகோல். ஓர் ஊரைக் கொள்ளையடித்தால் குறையும், பிச்சைக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தால் கூடும், ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். நியூ வேகாஸில் ஒவ்வொரு குழுவும் நம்மைப் பற்றி இரண்டு எண்களைத் தனித்தனியே வைத்திருக்கும், புகழ் ஒன்று, இழிபெயர் ஒன்று. நல்லது செய்து கெட்டதைத் துடைக்க முடியாது. இரண்டும் உயர்ந்தால், இவனை நம்பலாமா கூடாதா என்று குழம்பும் ஓர் ஊர் கிடைக்கும். மனிதர்கள் உண்மையிலேயே அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஆடுபவருக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்தால் இன்னொரு சிக்கல் வரும். கதையை நகர்த்த வேண்டிய ஆளையே அவர் சுட்டுக் கொன்றுவிட்டால்? ஃபால்அவுட் 3ஐயும் 4ஐயும் உருவாக்கிய பெதஸ்டா நிறுவனத்தின் வழக்கமான விடை, முக்கியப் பாத்திரங்களைச் சாகாதவர்களாகக் குறித்துவிடுவது. சுட்டால் மண்டியிடுவார்கள், சற்று நேரத்தில் எழுந்து பழையபடி பேசுவார்கள். ஃபால்அவுட் 4இன் பிரெஸ்டன் கார்வி அப்படிப்பட்டவர். துப்பாக்கியை இயங்கவிட்டு அதன் பொருளை மட்டும் ஆட்டம் பறித்துக்கொள்கிறது. நியூ வேகாஸ் குழு இதே சிக்கலைக் கதைக்குள்ளேயே தீர்த்தது. ஹூவர் அணைக்காக மோதும் இரு படைகளின் தலைவர்களையும், நகரை ஆளும் மிஸ்டர் ஹவுஸையும் கொல்லலாம். எல்லோரையும் பகைத்துக்கொண்டவருக்கும் கடைசியாக யெஸ் மேன் என்ற ரோபோ மிஞ்சும். அதை உடைத்தாலும் தன் நினைவை வேறொரு ரோபோ உடலுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வரும். சாகாவரம் இங்கே மறைத்து வைத்த விதி அல்ல, அந்த உலகத்தில் நம்பத்தக்க ஒரு காரணம். கதை எந்த நிலையிலும் முட்டிக்கொண்டு நிற்காது.

இத்தனை வழிகள் தெரிந்திருந்தும் 2015இல் ஃபால்அவுட் 4 ஏன் பின்வாங்கியது? பெரும் பகுதி காரணம் குரல். முதல் ஆட்டத்தில் முக்கியமான சிலருக்கு மட்டுமே குரல் பதிவு இருந்தது, மீதியெல்லாம் எழுத்து. எழுத்துக்குச் செலவு குறைவு, கடைசி வாரத்தில்கூட ஒரு பதிலைச் சேர்க்கலாம். ஃபால்அவுட் 4இல் நம் பாத்திரமே பேசியது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நடிகர்கள். ஒரு பதிலைக் கூட்டினால் இரண்டு ஒலிப்பதிவு, அதற்கேற்ற மறுமொழிப் பதிவுகள், முகபாவனை வேலை. கூடவே ஒவ்வோர் இடத்திலும் நான்கே பதில், விளையாடும் கைக்கருவியின் நான்கு பொத்தான்களுக்குப் பொருந்தும்படி. அந்தப் பதில்களும் ஓரிரு சொல் சுருக்கமாகவே காட்டப்பட்டன. என்ன சொல்லப்போகிறோம் என்பது பொத்தானை அழுத்திய பிறகுதான் தெரியும். திறன்களின் பட்டியலும் நீக்கப்பட்டதால், மருத்துவரும் வெடிமருந்து வல்லுநரும் ஒரே மாதிரி பேசினார்கள். முழு வாக்கியத்தையும் திரையில் காட்டும் மாற்றுநிரல் ஒன்றை ரசிகர்களே செய்தார்கள், அது வெகுவாகப் பரவியது.

2018இல் வந்த ஃபால்அவுட் 76 வெளியானபோது, ஆடுபவர்களைத் தவிர உயிருள்ள மனிதர் எவரும் அதில் இல்லை. இறந்தவர்களின் ஒலிநாடாக்களும் குறிப்புகளும் கதை சொல்லின. அவற்றில் சில உருக்கமாக எழுதப்பட்டவை. ஆனால் ஒலிநாடா நம்மைக் கேட்காது. தகவல் ஒரு பக்கமாக மட்டுமே பாயும் இடத்தில், மேலே சொன்ன எந்தப் பொறிமுறைக்கும் வேலை இல்லை. 2020 ஏப்ரலில் வேஸ்ட்லேண்டர்ஸ் என்ற இலவச இணைப்பு மனிதர்களைக் கொண்டுவந்தது, பண்புகளைச் சோதிக்கும் உரையாடலையும் கொண்டுவந்தது.

திருப்பித் தருவது என்று மூன்றாவதாகச் சொன்னேனே, அதற்கு 1997ஐ விஞ்சிய காட்சியை இந்தத் தொடர் இன்னும் எழுதவில்லை. முதல் ஆட்டத்தின் எதிரி மாஸ்டர், மனிதர்கள் எல்லோரையும் வைரஸ் கரைசலில் தோய்த்துச் சூப்பர் மியூட்டன்ட்களாக மாற்றினால் போரே இருக்காது என்று நம்புகிறார். அவரைச் சண்டையிட்டுக் கொல்லலாம், நிலத்தடித் தளத்துக்குள் பதுங்கிப் போய் அங்குள்ள அணுகுண்டை வெடிக்கச் செய்யலாம். மூன்றாவது வழி பேச்சு. பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் அமைப்பின் ஆய்வாளர் வ்ரீ, ஒரு மியூட்டன்ட்டின் உடலை அறுத்து ஆராய்ந்து எழுதிய குறிப்பு ஒரு வட்டில் இருக்கிறது. அவர்களால் குழந்தை பெற முடியாது என்பது அதில் தெரியும். எங்கோ கேட்டு வாங்கிய அந்த வட்டை மாஸ்டரிடம் காட்டலாம். தன் திட்டத்துக்கு எதிர்காலமே இல்லை என்று உணர்ந்ததும், தான் செய்தவற்றைத் தாங்க முடியாமல் அவரே எல்லாவற்றையும் அழிக்கிறார். நாம் ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை. நிரல் பார்ப்பது பையில் வட்டு இருக்கிறதா, பேசத் தெரிந்தவரா என்பதைத்தான். ஆனால் எதிராளியைக் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதற்குக் கிடைத்த வெற்றி அது.

ஓர் ஆட்டம் அத்தனை முடிவுகளைக் கொடுத்தால், அடுத்த ஆட்டம் எதை வரலாறாக எடுத்துக்கொள்வது? ஃபால்அவுட் 2 துணிந்து தேர்ந்தெடுத்தது. முதல் ஆட்டத்தில் கொள்ளையர்களிடமிருந்து நாம் மீட்கக்கூடிய டான்டி என்ற இளம்பெண், எண்பது ஆண்டு கழித்து ஒரு குடியரசின் முதிய தலைவி. அவளைக் காப்பாற்றாமல் போனவர்களின் கதை அங்கே செல்லாது. ஃபால்அவுட் 3 நாட்டின் மறுகோடிக்குப் போய் அந்தச் சிக்கலைத் தவிர்த்தது. 2024இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் மேற்குக் கடற்கரைக்கே திரும்பி, முதல் பருவத்தின் முடிவில் நியூ வேகாஸை எட்டிப் பார்த்தது. ஹூவர் அணைப் போரை நான்கு விதமாக முடித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய நான்கு முடிவுகளில் எதை மெய்யென்று கொண்டாலும் மற்ற மூன்று தரப்பினரும் கேள்வி கேட்பார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது, நீ செய்வது கணக்கில் கொள்ளப்படும் என்று வாக்குக் கொடுத்தது ஆட்டம்தான்.