சங்கக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது?

நகர் நலச் சங்கத்தார் வக்கீலைத் தேடி வருவது பெரும்பாலும் தகராறு முற்றிய பிறகுதான். எல்லாரும் பணம் போட்டு மனை வாங்கி, கூடம் கட்டி, படிப்பகம், டியூஷன், சீமந்தம் என்று வருடக்கணக்கில் புழங்கியிருப்பார்கள். பத்திரத்தைப் பிரித்தால், வாங்கியவர் இடத்தில் அன்றைய தலைவரின் பெயர் இருக்கும். அவருடைய தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் இருக்கும். 'சங்கத்துக்காக' என்ற சொல் மட்டும் இருக்காது.

"அவர் தங்கமான மனுஷன் சார்" என்பார்கள். இருக்கட்டும். அவர் காலமானால் வாரிசுச் சான்றிதழில் வருவது அவர் பிள்ளைகளின் பெயர்தான். பட்டாவும் அவர்கள் பெயருக்கு மாறும். பணம் எல்லாருடையது என்று பழைய ரசீதுக் கட்டோடு கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியது நீங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவர் பெயரில் எழுதினால் பாதுகாப்பு என்பதும் வீண் நம்பிக்கை. அப்புறம் மூன்று குடும்பத்தின் வாரிசுகளிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதியலாம். அப்படிப் பதிந்த சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் பத்திரத்தில் வர வேண்டும். தலைவர் அதன் சார்பில் கையெழுத்திடுபவர் மட்டுமே. அந்த அதிகாரத்தைத் தரும் பொதுக்குழுத் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே தனிநபர் பெயரில் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே சங்கத்துக்கு எழுதி வாங்கிவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கான கட்டணச் சலுகை இதற்குக் கிடையாது. செலவு பிடிக்கத்தான் செய்யும்.

பதிந்ததோடு தூங்கிவிடவும் கூடாது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால், நாளைக்கு எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்பதே கேள்வியாகிவிடும். லேஅவுட்டில் பூங்கா என்று காட்டி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடத்தில் சங்கக் கட்டடம் எழுப்பியவர்களும் உண்டு. அங்கே எந்தத் தீர்மானமும் கைகொடுக்காது.

வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர் சிலசமயம் "என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்" என்பார். பதிவுச் சங்கத்தில் அப்படிப் பிரித்து விற்கும் பங்கு இல்லை. கூட்டுறவுச் சங்கம் வேறு. அதில் உறுப்பினர் பங்குத்தொகை கட்டுகிறார். எத்தனைப் பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். மும்பையின் வீட்டுவசதிக் கூட்டுறவுகளில் நிலமும் கட்டடமும் சங்கத்துக்கு என்பதே ஏற்பாடு. வீட்டுக்காரர் கையில் இருப்பது பங்குச் சான்றிதழ், வீடு கைமாறினால் அதுவும் மாறும். நம் ஊரில் கூட்டுறவு என்றால் கூட்டுறவுச் சட்டப்படியான தணிக்கை, தேர்தல் எல்லாம் சேர்ந்தே வரும். வாடகைக் கடைகள், மண்டபம் என்று நல்ல வருமானம் வரும் கட்டடமானால் அந்தக் கெடுபிடியும் நல்லதுதான். ஒரு படிப்பகத்துக்கு, என்னைக் கேட்டால், 1975 சட்டமே போதும்.