கிளினிக் கொப்பியில் எழுதிய 22-ஐ எப்படி வாசிப்பது

வவுனியாவிலோ மல்லாவியிலோ, கிளினிக்குக்குப் போன எவருடைய கொப்பியைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் உயரம், நிறை, அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் உடற்திணிவுச் சுட்டி. கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் அது வரும். 18.5-க்குக் கீழ் என்றால் மெலிவு, 25-க்கு மேல் என்றால் கூடின நிறை. ஆசிய உடல்களுக்கு 23-இலிருந்தே கவனிக்க வேண்டும், 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. 22 என்று எழுதியிருந்தால் ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நிம்மதி சில பேருக்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கைப் போட்டவர் வைத்தியர் அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளிவிபரவியலாளருமான கெத்தலே 1832-இல் பெருந்தொகை மனிதர்களின் அளவுகளை ஒப்பிடப் பயன்படுத்திய வாய்ப்பாடு அது. உடற்திணிவுச் சுட்டி என்ற பெயரை 1972-இல் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ். ஒரு மாவட்டத்தின் நிலையைப் பார்க்க அது நல்ல கருவிதான். உங்கள் ஒருவருடைய வயிற்றுக்குள் எவ்வளவு கொழுப்பு, தொடையில் எவ்வளவு தசை என்று அதற்குத் தெரியாது. தராசுக்கு எல்லாம் ஒரே கிலோதான்.

புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த வைத்தியர் யட்கினும் 2004-இல் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் சுட்டி 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசிய உடல் கை கால் மெலிந்திருக்க, வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும் இயல்புடையது. கிளிநொச்சியில் 165 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோ நிறையும் உள்ள ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டி 22.0. முந்தி மண்வெட்டியும் அரிவாளும் பிடித்த கைக்கு இப்போது உழவு மெசினும் அறுவடை மெசினும் வந்துவிட்டன. சாப்பாடு மட்டும் அந்தக் காலத்து அளவிலேயே இருக்கிறது. காலையில் புட்டு, மத்தியானம் ஒரு கோப்பை நிறையச் சோறு, இடையில் சீனி போட்ட தேத்தண்ணி நாலு. கால் குச்சியாக இருக்க, வயிறு தள்ளி வண்டி வைத்துவிடுகிறது. நீரிழிவு இப்படியான ஆட்களிடம் சத்தமில்லாமல் வளரும். “மெலிஞ்ச ஆளுக்கு என்ன சீனி வருத்தம்” என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வியாலேயே குருதிப் பரிசோதனை இரண்டு மூன்று வருடம் பிந்திப் போகிறது.

இதற்குத் தேவையான கருவி ஒரு அளவு நாடா. சட்டையைத் தூக்கி, தோலில் வைத்து அளக்க வேண்டும். கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடா சுற்ற வேண்டும். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு வாசியுங்கள், வயிற்றை எக்கக் கூடாது. வழக்கமாகப் பிழைப்பது இங்கேதான். ஆண்கள் சாரம் கட்டும் இடத்தையோ பெல்ட் அளவையோ சொல்வார்கள். வண்டி உள்ளவருக்குச் சாரம் வயிற்றுக்குக் கீழே இறங்கிப் போயிருக்கும், ஆகவே அந்த அளவு எப்போதும் குறைத்தே காட்டும். பெண்களுக்குப் பாவாடை நாடா அழுத்திய தடத்தில் அளந்தாலும் அதே பிழைதான். தெற்காசியருக்கு ஆண் 90, பெண் 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. எண்ணை ஞாபகம் வைத்திருக்க முடியாதவர், இடுப்புச் சுற்றளவு தன் உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். உயரமளவு நூலொன்றை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்ற முடிகிறதா என்று பார்த்தாலே போதும். மேலே சொன்ன கமக்காரருக்குப் பாதி 82.5. இடுப்பு 92 என்றால், சுட்டி 22 ஆக இருந்தாலும் வெறுவயிற்றுச் சீனி பார்க்க வேண்டும். அது டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்றால் கவனம், 126-உம் அதற்கு மேலும் வந்தால் இன்னொரு தரம் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. முல்லைத்தீவில் கரைவலை இழுப்பவர், மூட்டை தூக்குபவர், கிணறு வெட்டுபவர் ஆகியோருக்குச் சுட்டி 26 வரலாம். இடுப்பு 84, பிரஷரும் சீனியும் சரி என்றால் அந்த 26 பெரும்பாலும் தசைதான். அவரிடம் போய் நிறையைக் குறைக்கச் சொல்வதில் பயனில்லை.

வன்னியில் இந்தச் சுட்டி அடியோடு பிழைப்பது காலோ கையோ இழந்தவர்களிடம். போராலும் மிதிவெடியாலும் அவயவம் இழந்தவர்கள் இங்கே எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனாலும் கொப்பியில் நிறையையும் முழு உயரத்தையும் அப்படியே போட்டு வகுத்துவிடுகிறார்கள். இல்லாத காலின் நிறையைச் சேர்க்காமல் வந்த எண் அது. பாதம் மட்டும் உடல் நிறையில் ஏறக்குறைய 1.5 வீதம், முழங்காலிலிருந்து கீழே 5.9, முழுக்கால் 16, முழுக்கை 5. அளந்த நிறையை, 1-இலிருந்து அந்தப் பங்கைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு நிறுங்கள். நிற்க முடியாதவர் கதிரையில் இருந்தபடி நிறுத்து, கதிரையின் நிறையைக் கழிக்கலாம்.

155 சென்ரிமீற்றர் உயரமும் 55 கிலோவும் உள்ள, ஒரு காலை இடுப்போடு இழந்த ஒரு அக்காவுக்குக் கொப்பியில் 22.9 என்று இருக்கும். 55-ஐ 0.84-ஆல் வகுத்தால் 65.5 கிலோ, சுட்டி 27.3. “நோர்மல்” என்று அனுப்பிவைத்தவர் உண்மையில் ஆபத்து எல்லையின் வாசலில் நிற்கிறார். முழங்காலுக்குக் கீழே இழந்த, 165 சென்ரிமீற்றர், 62 கிலோ ஆளுக்கு 22.8 என்பது 24.2 ஆகும். இரண்டு காலும் இல்லாதவருக்கு உயரம் தெரியாவிட்டால் இரு கைகளையும் அகல விரித்து, நடுவிரல் நுனிக்கு நுனி அளந்தால் ஏறக்குறைய பழைய உயரம் கிடைக்கும். முள்ளந்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கால் தசை கரைந்திருக்கும், அதனால் சுட்டி கொழுப்பைக் குறைத்தே காட்டும். அவர்களுக்கு இடுப்பைப் படுத்த நிலையில் அளந்து, ஒவ்வொரு முறையும் அதே நிலையிலேயே அளப்பது நல்லது.

வயது போனவர்களிடம் சிக்கல் வேறு விதம். முதுகு கூனி உயரம் குறையக் குறைய, நிறை கூடாமலே சுட்டி ஏறும். உள்ளே தசை கரைவது தெரியாது. கைபிடி இல்லாத கதிரையில், கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் உடல் இயங்கும் திறன் குறைவு, தசை கரைகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும் என்று ஆசிய நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தன் இரு பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வளைத்துப் பிடிக்கும்போது விரல்களுக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தாலும் அதே சந்தேகம்தான். ஐம்பது தாண்டிய அம்மாவிடம் “நிறையைக் குறையுங்கோ” என்று மட்டும் சொன்னால், முதலில் தட்டிலிருந்து போவது மீனும் முட்டையும்தான், சோறு போகாது. ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைந்து கிளினிக்கில் பாராட்டு வாங்குவார், படியேற மட்டும் முடியாது. குறைக்க வேண்டியது சோறும் புட்டும் சீனியும். மீன், முட்டை, பருப்பு, கடலை இருக்க வேண்டும், சிறுநீரக வருத்தம் உள்ளவர் மட்டும் இவற்றின் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

சிறுநீரக வருத்தக்காரரின் தராசையும் அப்படியே நம்ப முடியாது. உடம்பில் நீர் கோர்த்தால் இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறும், சுட்டியும் ஏறும், தசையோ குறைந்துகொண்டே போகும். கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அது நீர், அன்றைய சுட்டியை எழுதவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப வாரங்களில் எடுத்த எண்தான் கணக்கு. பிள்ளைகளுக்கு வயதோடு சேர்த்து வாசிக்கும் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, பெரியவர்களின் 18.5-உம் 23-உம் அவர்களுக்குப் பொருந்தாது.

எண்ணைப் போடுவதென்றால் சரியாகவாவது போட வேண்டும். 158 சென்ரிமீற்றர், 58 கிலோ ஆளுக்குச் சுட்டி 23.2. செருப்போடு நின்று 160 என்று எழுதினால் 22.7 ஆகி, எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார். தராசை மண் தரையிலோ பாயிலோ வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். நடமாடும் கிளினிக்கில் ஒரு தடித்த பலகை கொண்டுபோகலாம். பிரிக்காத 50 கிலோ சீமெந்துப் பையை ஏற்றிப் பார்த்தால் தராசின் பிழை தெரியும். தையல்காரரின் துணி நாடா நாளாக ஆக இழுபட்டு நீளும், அப்போது இடுப்பு குறைத்துக் காட்டும். மாதம் ஒருமுறை இரும்பு அடிமட்டத்தோடு ஒப்பிட்டு, 100 சென்ரிமீற்றரில் ஒன்று பிசகினாலும் நாடாவை மாற்றிவிடுங்கள்.