தூக்கிப் போடும் முன் வாலைப் பாருங்கள்

போன குளிர்காலத்தின் கடைசியில் ஒரு பாட்டி காலணிப் பெட்டியோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். உள்ளே பழைய துணியில் கட்டைவிரல் பருமனில் ஓர் உடம்பு சுருண்டு கிடந்தது. பூனை கவ்விக்கொண்டு வந்த செத்த எலி என்று குப்பையில் போடப் போனவருக்கு, வாலைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கிறது. நல்லவேளை. வாலின் இரு பக்கமும் விறைப்பான முடி, பறவை இறகைப் போல வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தது. எந்த எலிக்கு அப்படி வால்?

அது ஃபெதர்டெயில் கிளைடர். கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள இனம். ஆனால் எடை 10 முதல் 15 கிராம்தான். கிழக்கு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்களில் இரவு முழுக்கத் தேனும் மகரந்தமும் பூச்சியும் தேடித் திரியும். கைக்கும் காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து 25 மீட்டர் வரைகூடச் சறுக்கும். 1966இல் வந்த ஆஸ்திரேலிய ஒரு சென்ட் காசில் இதன் படம்தான் இருந்தது. காசைக் கையில் வைத்திருந்தவர்களில் பலர் விலங்கை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, அது செத்துவிட்டதா? இல்லை. குளிர் கூடினாலோ இரை குறைந்தாலோ இது உடம்புச் சூட்டைத் தானே இறக்கிக்கொண்டு, காதை மடக்கி, மரத்துப்போய்க் கிடக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும், மூச்சு ஓடுவதே தெரியாது. மெதுவாகச் சூடேற்றினோம். அரை மணி நேரம் கழித்து மீசை துடித்தது. மறுநாள் காலை கண்ணாடித் தொட்டியின் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பாதத்தில் வரிவரியான மெத்தைகள் உண்டு, அதனால் கண்ணாடிகூட வழுக்காது.

பூனை வாய் பட்டதென்றால், காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உடனே கொண்டுவாருங்கள். பூனைப் பல் போட்ட ஊசித்துளை ரோமத்துக்குள் மறைந்துவிடும். அதன் எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் ரத்தத்தில் கலந்து இந்தக் குட்டி விலங்கையே முடித்துவிடும். ஆன்டிபயாட்டிக் தாமதிக்கக் கூடாது. பாலும் தண்ணீரும் வாயில் ஊற்ற வேண்டாம். ஹீட்டர் பக்கத்திலும் வைக்க வேண்டாம். காற்றுத் துளையுள்ள இருட்டுப் பெட்டி போதும். துளை சின்னதாக இருக்கட்டும், இது நுழையாத சந்து கிடையாது. அப்புறம், இரவில் பூனையை வீட்டுக்குள் வையுங்கள்.

செத்தே போயிருந்தாலும் கொண்டுவரச் சொல்வேன். பெண்ணாக இருந்தால் பையைப் பார்க்க வேண்டும். ஒருமுறை அப்படிப் பார்த்தபோது மூன்று குட்டிகள் காம்பைக் கவ்விக்கொண்டிருந்தன. உயிரோடு.