மலைக்கு வந்தும் அமைதி இல்லையா?

கொடைக்கானலில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். அடிக்கடி கேட்கும் புகார் இது: "அமைதிக்காகத்தான் மேடம் மலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் தூக்கம் போச்சு."

போன வருடம் வந்த தம்பிக்கு 29 வயது (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). வில்பட்டியில் வீடு எடுத்து, சென்னை கம்பெனிக்கு அங்கிருந்தே வேலை பார்த்தார். சாயந்திரம் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடுவார். வெளியே பனி, குளிர், பேச ஆளில்லை. போனை எடுத்தால் கீழே வைக்க இரவு ஒரு மணி ஆகிவிடும்.

"தனிமை எனக்கு ஒத்துக்கலை" என்றார். உள்ளங்கையில் முந்நூறு பேர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அது எப்படித் தனிமையாகும்? அவருக்கு அது இன்னும் கிடைக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவரைக் குறை சொல்லவில்லை. 2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஆட்களை வெறும் அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் ஷாக் அடிக்கும். காசு கொடுத்தாவது அந்த ஷாக்கைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள்!

அதனால் "சும்மா கண்ணை மூடி உட்காருங்கள்" என்று எடுத்த எடுப்பில் நான் யாரிடமும் சொல்வதில்லை. சும்மா இருக்கும் மனதுக்குள் வீட்டுக்கடனும் பழைய சண்டையும்தான் முதலில் வந்து உட்காரும். மனம் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும். ஏதாவது ஒன்றைக் கற்பது நல்ல கொம்பு.

அந்தத் தம்பி தேர்ந்தெடுத்தது பறவைக் குரல்களை. காலையில் 20 நிமிடம், சோலை ஓரம், ஒரு நோட்டு. போன் வீட்டில், பீரோவுக்குள். முதல் வாரம் எல்லாமே "கீச் கீச்" என்றுதான் கேட்டதாம். மூன்றாவது வாரம் பழனி சிரிப்பானின் குரலைத் தனியாகப் பிரித்துவிட்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் வற்புறுத்தினேன்: இரவில் நோட்டைத் திறக்காமல், காலையில் கேட்டதை நினைவிலிருந்து எழுத வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியை நான்கு அமர்வுகள் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒரே அமர்வு படித்துவிட்டு மூன்று அமர்வுகள் பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், படித்து ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாம் ஏமாறுவது இங்கேதான்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. பூம்பாறை சாலையில் உள்ள சூரிய ஆய்வகத்துக்கு ஜான் எவர்ஷெட் 1907இல் வந்து சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியவர். அதற்கு முன் அவருக்கு ரசாயனத் தொழிலில் வேலை. வானியல் ஓய்வு நேரப் பழக்கம்தான். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அதற்கு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

சரி, ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், தனியாக இருந்து பார்க்க வேண்டாம். அது வேறு விஷயம். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

போன வியாழன் காலை அந்தத் தம்பிக்கு நேரம் ஒதுக்கியிருந்தேன். வரவில்லை. நான்கு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருந்தது. பதினோரு மணிக்கு அவரே அழைத்து மன்னிப்புக் கேட்டார். போன் பீரோவில் இருந்ததாம்.