எல்டர்பெர்ரி சிரப் சளியைக் குறைக்குமா?

வட ஜெர்மனியில் ஜலதோஷம் பிடித்தவருக்கு எல்டர்பெர்ரி சாற்றைச் சுடச்சுடக் கொடுப்பது பழைய வழக்கம். ஆப்பிள் துண்டும் ரவை உருண்டையும் போட்டு அதையே சூப்பாகவும் வைப்பார்கள். மிளகு அளவில், கொத்துக் கொத்தாகத் தொங்கும் கருநீலப் பழம் அது. இன்று அது சிரப்பாகவும் மிட்டாய் வடிவ மாத்திரையாகவும், 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற வாசகத்தோடு நம் ஊர் ஆன்லைன் மருந்துக் கடைகள் வரை வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கும் முன், உடம்புக்குள் போய் அது என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பழத்தின் கருநீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமிகள். நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டுவதும் இதே குடும்பத்து நிறமிதான். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில், எல்டர்பெர்ரிச் சாறு ஃப்ளூ வைரஸின் மேற்பரப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வைரஸ் செல்லுக்குள் நுழைவது குறைகிறது. மனித ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பு செல்களோடு சேர்த்தால், அவை சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கின்றன. விளம்பரங்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த முடிவுகளைத்தான்.

ஆனால் தட்டில் சாறு நேராகச் செல்லின் மேல் படுகிறது. நாம் விழுங்கும் ஆந்தோசயனினோ மிகச் சிறிய அளவில்தான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்துவிடுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண சளிக்கு முக்கியக் காரணம் ஃப்ளூ வைரஸ் இல்லை, ரைனோவைரஸ். அதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஃப்ளூ வைரஸில் சாறு போய் ஒட்டும் அந்தப் புரதம் இவற்றில் கிடையாது.

சரி, மனிதர்களிடம் சோதித்தபோது என்ன ஆனது? நார்வேயில் ஃப்ளூ அறிகுறியோடு வந்த 60 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் நான்கு வேளை 15 மில்லி சிரப்பும், மறு பாதிக்கு எல்டர்பெர்ரி இல்லாத போலிச் சிரப்பும் ஐந்து நாள் கொடுத்தார்கள். சிரப் குடித்தவர்கள் சராசரியாக 4 நாள் முன்னதாகத் தேறினார்கள் என்று 2004இல் வெளியான முடிவு சொன்னது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு பறந்த 312 பயணிகளிடம் நடந்த 2016 ஆய்வில், எல்டர்பெர்ரி எடுத்தவர்களில் 12 பேருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 17 பேருக்கும் சளி பிடித்தது. இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். ஆனால் பிடித்த சளி, எல்டர்பெர்ரி எடுத்தவர்களிடம் சீக்கிரம் விட்டது.

அப்புறம் 2020இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வு வந்தது. பரிசோதனையில் ஃப்ளூ என்று உறுதியான 87 பேரைக் கடைசிவரை பின்தொடர்ந்தார்கள். எல்டர்பெர்ரியால் எந்தப் பலனும் தெரியவில்லை. நார்வே ஆய்வைவிட இதில் ஆட்களும் அதிகம், காலத்தாலும் பிந்தியது. அதனால் நான் இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். சிரப்பால் சளி வராமல் தடுக்க முடியும் என்பதற்கு இன்றுவரை நல்ல சான்று இல்லை. வந்த சளி ஓரிரு நாள் குறையலாம், குறையாமலும் போகலாம்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற வாசகத்தைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூக்கு ஒழுகுவதும் தொண்டை கரகரப்பதும் பெரும்பாலும் ரைனோவைரஸ் நேரடியாகச் செய்யும் சேதமே இல்லை. வைரஸை விரட்ட நம் எதிர்ப்பு மண்டலம் செய்யும் வேலையின் விளைவு அது. அந்த மண்டலத்துக்கு, கூட்டினால் நல்லது என்று சொல்ல ஒரே ஓர் அளவு கிடையாது. எதிர்ப்பு மண்டலமே தன் உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் அதை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சிரப்பைத் தொடக்கூடாது.

பச்சைப் பழத்திலும் ஆபத்து உண்டு. அதன் இலை, தண்டு, விதை, காய் ஆகியவற்றில் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான். 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே பகுதியில் ஒரு குழு காட்டுப் பழங்களை இலை, கிளையோடு சேர்த்து நசுக்கிச் சாறு பிழிந்து, மறுநாள் குடித்தது. கால் மணி நேரத்துக்குள் 11 பேருக்கு வாந்தி, குமட்டல். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து டம்ளர் குடித்த ஒருவர் மட்டும் இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். ஐரோப்பிய வீடுகளில் முள்கரண்டியால் பழங்களை உருவி, தண்டை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்து, நன்றாகக் கொதிக்கவைத்து வடிகட்டுவது இதனால்தான்.

சாதாரணச் சளி எப்படியும் ஒரு வாரம் பத்து நாளில் விட்டுவிடும். அதற்குக் கொதிக்கவைத்த சாறு குடிப்பதில் பெரிய தீங்கில்லை. ஃப்ளூ அப்படியல்ல. முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் ஆகியோருக்குக் காய்ச்சலோடு உடம்பு முறிந்து வலித்தால் சிரப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஓசல்டாமிவிர் போன்ற ஃப்ளூ மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.