தொடக்கநிலை 1: பாடத்துக்கு முன் இடைவேளைக்குப் பழக்குங்கள்

சிங்கப்பூரில் அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை 1-க்கு, அதாவது முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலான வீடுகளில் முதலில் வாங்குவது பயிற்சிப் புத்தகம்தான். ஆனால் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளின் தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019லேயே நீக்கிவிட்டது. முதல் சில வாரங்களில் பல பிள்ளைகள் திணறுவது பாடத்தில் இல்லை, இடைவேளையில்.

ஏறத்தாழ அரை மணி நேரம்தான் இடைவேளை. அதற்குள் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கி, மீதிக் காசைப் பத்திரப்படுத்தி, தட்டைச் சிந்தாமல் மேசைக்குக் கொண்டுபோய், சாப்பிட்டு, கழிவறைக்கும் போய்வர வேண்டும். பாலர் பள்ளியில் சாப்பாடு மேசைக்கே வந்தது. வீட்டில் பாட்டியோ பணிப்பெண்ணோ இன்னும் ஊட்டிவிடுகிறார் என்றால், முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

உணவங்காடிக்குப் போகும்போது 2 வெள்ளித் தாளைப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு பானம் வாங்கச் சொல்லிவிட்டு, நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். கடைக்காரர் கேட்பதற்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். 1 வெள்ளி 40 காசு போனால் 60 காசு வர வேண்டும் என்பதை நாணயங்களை வைத்தே காட்டுங்கள். கைக்கடிகாரத்தைத் தட்டிப் பணம் கட்டும் பள்ளியானாலும், வேண்டியதை வாய்விட்டுக் கேட்கத்தான் வேண்டும். சைவப் பிள்ளை என்றால் ‘நோ மீட், நோ எக்’ என்று உரக்கச் சொல்லப் பழக்குங்கள். கையால் சாப்பிட்டே பழகிய பிள்ளைக்கு, சூப் ததும்பும் மீ (நூடுல்ஸ்) கிண்ணத்தை ஏந்தி நடப்பதும் கரண்டியால் சாப்பிடுவதும் தனி வேலை.

வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பினால் டப்பாவைக் கவனியுங்கள். கிளிப் போட்ட டப்பாவைச் சூடோடு மூடினால், ஆற ஆற உள்ளே அழுத்தம் குறைந்து மூடி இறுகிக்கொள்ளும். பிஞ்சு விரலுக்கு அசையாது. டப்பா திறக்காமலே திரும்பி வந்தால் ‘பிடிக்கவில்லையா?’ என்று கேட்காமல், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்ப் புட்டி தினமும் நிறைந்தபடியே வருகிறதா? கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீரையே தவிர்க்கிறது என்று சந்தேகப்படுங்கள். குந்தி உட்காரும் கழிவறையும் தானாகச் சீறும் ஃபிளஷும் சின்னப் பிள்ளைகளை மிரட்டும். நாள் முழுக்க அடக்கினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று போய்நிற்கும். விடுமுறையிலேயே கடைத்தொகுதிக் கழிவறைகளில் பழக்குங்கள். சீருடையின் கொக்கியையும் பொத்தானையும் தானே போட்டுக் கழற்றட்டும். ‘டீச்சர், மே ஐ கோ டு தி டாய்லட்?’ என்ற ஒரு வாக்கியம் தடையில்லாமல் வர வேண்டும். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதில்லை.

தமிழ் வகுப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தாய்மொழிப் பாட நேரத்தில் வகுப்பு பிரிந்துவிடும். நம் பிள்ளை புத்தகமும் பென்சில் பெட்டியும் எடுத்துக்கொண்டு வேறோர் அறைக்குப் போக நேரிடும், அங்கே பிற வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள். பொருள்கள் தொலைவது இப்படி இடம் மாறும்போதுதான். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள்; பையைப் பிள்ளையே அடுக்கட்டும், நீங்கள் சரிபார்த்தால் போதும்.

தூக்கத்துக்கு வருவோம். இந்த வயதுக்கு 9 முதல் 11 மணி நேரம் வேண்டும். காலை 5.45க்கு எழ வேண்டுமானால் இரவு 8.30க்குத் தூங்கியிருக்க வேண்டும். 10 மணிக்குப் படுக்கும் பிள்ளையை மூன்று நாளுக்கு 15 நிமிடமாக முன்னே நகர்த்தினால் 18 நாள் ஆகும். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: இந்தியாவில் இரவு 9 மணி என்றால் இங்கே 11.30. புத்தாண்டுக்கு முதல் நாள் வந்திறங்கிவிட்டு, பள்ளி திறந்ததும் பிள்ளை சிணுங்குகிறது என்று திட்டிப் பயனில்லை. ஒரு வாரமாவது முன்னதாகத் திரும்புங்கள்.

வாசலில் விடைபெறுவதைச் சுருக்கமாக முடியுங்கள். யார், எங்கே வந்து அழைத்துப்போவார் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பள்ளி முடிந்ததும் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் பிள்ளைக்கு இது இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லாமல் நழுவினால் மறுநாள் பிடி இன்னும் இறுகும்.

முதல் வாரங்களில் அழுகை இயல்பு. ஒரு மாதம் கடந்தும் காலையில் வயிற்றுவலி, வாந்தி என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். பள்ளி ஆலோசகரின் உதவியையும் கேட்கலாம். இவர்களைப் பார்க்கப் போகுமுன் இரண்டு வாரம், எந்த நாளில், எத்தனை மணிக்கு வலி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடற்கல்வி இருக்கும் நாளிலோ சொல்வதெழுதுதல் நாளிலோ மட்டும் வருகிறது என்றால், எங்கே விசாரிக்க வேண்டும் என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.