கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிமான்

திருநெல்வேலி – தூத்துக்குடி சாலையில் வல்லநாட்டுப் பக்கம் வெளிமான் பார்க்கப் போகிறவர்கள் பலரும் ஒரே குறையோடு திரும்புகிறார்கள். "மான் கிட்டத்துலதான் நின்னுச்சு, படம்தான் தெளிவா விழல." பழி உடனே கேமரா மேல் போகும். அடுத்து பெரிய லென்ஸ் என்ன விலை என்ற விசாரிப்பு. என்னைக் கேட்டால், இந்தப் படங்களில் பாதிக்கு மேல் கேமராவுக்குள் கெடுவதே இல்லை. லென்சுக்கும் மானுக்கும் நடுவே இருக்கிற கண்ணாடியும் காற்றும்தான் கெடுக்கின்றன.

வண்டிக்குள்ளிருந்து எடுப்பது சரியான முறைதான். நிமிர்ந்து நடக்கிற மனித உருவத்தைக் கண்டால் மிரண்டு ஓடும் மான், தினமும் கடந்துபோகும் வண்டியை அவ்வளவாகச் சட்டை செய்யாது. பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் சாலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிறது. அங்கே காட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, கண்ணாடி. அதன் மேல் நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. ஆக 8 சதவீதம். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண் வெளிமானின் முதுகு கரும்பழுப்பு. அது உடைமர நிழலில் வேறு நிற்கிறது. உள்ளே உங்கள் வெள்ளைச் சட்டை மேல் சுள்ளென்று வெயில். சட்டையிலிருந்து வரும் ஒளியின் அந்த 8 சதவீதமே, மானின் முதுகிலிருந்து வரும் மொத்த ஒளியை விஞ்சிவிடும். படத்தில் மானுக்கு மேல் வெள்ளையாய் ஒரு படலம் விழுவது இதனால்தான். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடினால் தீர்ந்தது.

லென்ஸ் முன்னால் போலரைசர், அதாவது பிரதிபலிப்பை வடிகட்டும் கண்ணாடி வில்லை, பூட்டினால் போதும் என்பார்கள். அது கைகொடுப்பது கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது, அதாவது நேர்ப்பார்வையிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்ந்த கோணத்தை ஒட்டித்தான். நேருக்கு நேராகப் பார்த்தால் பலன் இல்லை. உள்ளே வரும் ஒளியில் பாதிக்கு மேல் போவதுதான் மிச்சம். இன்னொரு தொல்லையும் உண்டு. காரின் பக்கக் கண்ணாடியைக் காய்ச்சி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். காற்று பட்ட இடங்களில் இறுக்கம் மாறுபடுவதால், போலரைசர் வழியே அவை திட்டுத்திட்டாகத் தெரியும். வானத்தைப் பார்த்த மாதிரி படம் எடுத்தால் அந்தத் திட்டுகள் படத்திலும் வந்து உட்காரும்.

கண்ணாடியை இறக்கிவிட்டால்? ஏசியில் குளிர்ந்த காற்று வெளியே வழிந்து, வெளியில் இருக்கிற அனல்காற்றோடு லென்சுக்கு முன்னாலேயே கலக்கும். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவு) சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். இதுவும் அற்பம்தான். ஆனால் தூரத்துப் பொருளைப் பெரிதாக்குகிற லென்ஸ் இந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, சற்று நேரம் விட்டுவிட வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மத்தியான வெயிலில் தூரத்துக் கூழைக்கடா நெளிந்து தெரிவதும் இதே சங்கதிதான்; காய்ந்த தரையிலிருந்து எழும் கானலை எந்த லென்ஸாலும் வெல்ல முடியாது. காலையில் சீக்கிரமே போய்விடுங்கள்.

எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். சும்மா நிற்கும் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று போல ஓடும். நான்கு சிலிண்டர் வண்டியில் அது நொடிக்கு ஏறக்குறைய 27 உதறல். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் ஓர் உதறலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அதில் பதிந்துவிடும். 1/1000 வைத்தால் பெரிதாகத் தெரியாது. நிழலில் நிற்கும் மானுக்கு அந்த வேகத்தில் வெளிச்சம் பற்றாது. கதவு விளிம்பில் பச்சரிசி நிரப்பிய சின்னப் பை ஒன்றை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்தினால் கை நடுக்கமும் போகும்.

வண்டலூர் மாதிரி இடங்களில் உலா வண்டியின் ஜன்னலில் கம்பி வலை இருந்தாலும் கவலை வேண்டாம். 200 மி.மீ. லென்ஸை f/2.8-ல் திறந்தால் ஒளி நுழையும் துளை, 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் வருகிற 71 மி.மீ. அகலம். வலையை ஒட்டிப் பிடித்தால் 3 மி.மீ. கம்பி மறைப்பது அதில் ஐந்து சதவீதம் போலத்தான். கம்பி மங்கிக் கரைந்து, சிங்கம் மட்டும் தெரியும். அதே லென்ஸை f/11-க்குச் சுருக்கினால் துளை 18 மி.மீ. ஆகிவிடும், கம்பி ஐந்தில் ஒரு பங்கை மறைத்து, படத்தின் குறுக்கே சாம்பல் பட்டையாக விழும். பக்கத்து சீட்டில் செல்போன் வைத்திருக்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அதன் லென்ஸ் அவ்வளவு சின்னது. வலைக்கண் ஒன்றில் நேராகப் பொருத்திவிட்டால் கம்பியே குறுக்கே வராது.